கண்ட நடை

போகலாம் அண்ணாச்சி என்று பெனிட்டா சொன்னதும் கோமதிநாயகம் வலது காலை எடுத்து வைத்தார், இடது காலை எடுத்து வைத்தார், மறுபடி வலது, மறுபடி இடது, ஐந்தாவது அடியில் பாட்டு வந்து சேர்ந்துகொண்டது, முதலில் தம்புரா, அப்புறம் மிருதங்கம், அதன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வயலின். ஆறு நிமிஷம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஆறு நிமிஷம் பாட்டு அறுந்துபோகாமல் நடந்துவிட்டால் பெனிட்டா அந்த மஞ்சள் அட்டையில் நடை சீர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள், அதைப் பார்த்து டாக்டர் சான்றிதழ் கொடுப்பார், திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மின்வாரிய சப்ஸ்டேஷனில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், ஐந்து மாதம் கழித்து. காலை ஏழரை மணி. வெயில் ஜன்னல் வழியாக வந்து மொசைக் தரையில் சதுரம் சதுரமாகப் படுத்திருந்தது. பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் இது, மண்டபம் நடக்காமல் போய் பிசியோதெரபிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், கோவில்பட்டியில் இவ்வளவு நீளமாக நடக்க வேறு கூடம் கிடையாது, அந்தக் கோடியில் கைகழுவும் குழாய்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன, பதினொன்று, அதில் நாலாவது மட்டும் சொட்டும். இங்கே எத்தனை பேர் பந்திக்கு முந்திக்கொண்டு ஓடியிருப்பார்கள், யாருக்காவது கால் நினைவு வந்திருக்குமா, கால் என்று ஒன்று இருப்பதே இலையைப் பார்த்தவனுக்குத் தெரியாது. இரண்டு கணுக்காலிலும் பட்டை போட்டுக் கட்டியிருந்த தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பாக்கள் அவர் வைக்கிற ஒவ்வொரு அடியையும் பெனிட்டாவின் போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள நேரம் ஒன்றுபோல் இருந்தால் பாட்டு முழுசாக வரும். கொஞ்சம் நொண்டினால் வயலின் போய்விடும். இன்னும் நொண்டினால் மிருதங்கமும் போய்விடும். ரொம்ப மோசம் என்றால் தம்புரா மட்டும் மிச்சம், அது யாரையும் கைவிடாது. வேகமாகப் போனால் பாட்டும் வேகமாகப் போகும், மெதுவாகப் போனால் மெதுவாக, கூடவே வருகிற நாய்க்குட்டி மாதிரி. பெனிட்டாவின் தம்பி சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன், அவன்தான் சேர்த்துக் கொடுத்தானாம். பரவாயில்லை, செஞ்சுருட்டி ராகம், பையனுக்குக் கை சுத்தம்.

முதல் நாள் தம்புராவைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு, வலி என்று நினைத்துக்கொண்டாள் அந்தப் பிள்ளை. வலியும்தான். ஆனால் அந்தச் சுருதி ஐந்து கட்டை. சப்ஸ்டேஷனில் பெரிய டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே, இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிற காது, ஊர்க்காரன் ஒருத்தன் வெளியூரில் கொஞ்சம் வேறு தினுசாகப் பேசிக்கொண்டு எதிரே வந்த மாதிரி இருந்தது. யாரிடமும் போய்ப் பாட்டுக் கற்றவரில்லை. லைப்ரரியில் எடுத்த ஒரு ஸ்வரப் புத்தகம், திருப்பிக் கொடுக்கவேயில்லை, ஒரு சின்ன ரேடியோ, அப்புறம் அந்த ரீங்காரம். அதுதான் சுருதிப்பெட்டி, அதுதான் வாத்தியார், தப்பாகப் பாடினால் கோபிக்காது, சரியாகப் பாடினால் கூடச் சேர்ந்து நெஞ்சுக்குள் அதிரும். வீட்டில் ஒருநாளும் பாடினதில்லை. மனைவி செண்பகவல்லிக்கே தெரியாது, தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள். ராத்திரி முழுக்க அந்த மிஷினோட குடித்தனம் பண்ணிட்டு பகல்ல இங்க தூங்க மட்டும் வாரீங்க என்று ஒருதடவை சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அது இல்லாமல் போய்விட்டால். மேலதிகாரி ஏ.இ. போனில் நல்லவிதமாகத்தான் சொன்னார், திங்கட்கிழமை ஜாயின் பண்ணிருங்க நாயகம், இல்லேன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டிருவாங்க, உங்களை செக்‌ஷன் ஆபீஸ்ல பகல் சீட்ல உக்கார வச்சிருவாங்க. பகல் சீட் என்றால் புகார் போன். எங்க தெருவுல கரண்ட் இல்ல, எப்ப வரும், ஏன் வரல, நீ யார் பேசுத. காலை ஒன்பதிலிருந்து அஞ்சு வரைக்கும் மனுஷக் குரல். கோமதிநாயகத்துக்கு மனுஷர்கள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது, ஆனால் அவர்கள் எல்லாரும் வேறு வேறு கட்டையில் பேசுகிறார்கள்.

குழாய்கள் வந்துவிட்டன, திரும்பு. திரும்பும்போதுதான் ஜாக்கிரதை, வலது காலைச் சுழற்றி, இடது காலை மெதுவாக, பாட்டு ஒரு தடவை தும்மினாற்போல் நின்று மறுபடி ஓடியது. "நாயகம், உம்ம கச்சேரி நல்லா போகுதே வே" என்றார் மீரான், சுவர் ஓரத்தில் கயிற்றுக் கப்பியோடு நின்றபடி. தையல்கடை மீரான், ஐம்பத்தெட்டு வயசு, வலது தோள் உறைந்துபோய் நாலு மாதம், அவருக்கும் ஒரு டப்பா கையில் கட்டியிருக்கிறது, அவருடைய பாட்டு நாதஸ்வரம், கை காதுக்கு மேலே போனால்தான் மேல் ஸ்தாயிக்குப் போகும். தினம் தோள்மட்டம் வரைக்கும் போய் அங்கேயே நோய் வந்த ஆடு மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். "எனக்கு இன்னும் மாப்பிள்ளை அழைப்பே முடியல, நீரு தாலி கட்டிட்டுப் பந்திக்கே போயிட்டீரு." "பேசாம கைய தூக்குங்க மாமா" என்றாள் பெனிட்டா, எழுதிக்கொண்டே. "தூக்குதேன் தூக்குதேன், நீ ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வாரப்ப தெரியும், ஒரு கைய மட்டும் தச்சுத் தாரேன்." அவள் சிரித்தாள், தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு நிமிர்ந்து பார்க்க அவசியம் இல்லை, காதில் பாட்டு விழுந்துகொண்டிருக்கிறதே, முழுப்பாட்டு, வயலினோடு. அதுதான் இதன் சௌகரியம், இரண்டு மூன்று பேரை ஒரே நேரத்தில் காதாலேயே கவனித்துக்கொள்ளலாம். கோமதிநாயகமும் அப்படித்தான் வேலை பார்த்தவர், கண்ணை மூடிக்கொண்டு, ரீங்காரம் கொஞ்சம் கனத்தால் லோடு ஏறுகிறது, கிறீச்சென்று ஓரம் வைத்தால் எங்கேயோ மரக்கிளை கம்பியில் உரசுகிறது. காது பொய் சொல்லாது என்று எல்லாரிடமும் சொல்வார். சொன்னவர்தான்.

சொன்னவர்தான் ஒன்பது நாளாகக் காதுக்குப் பொய் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்று ஆரம்பித்ததில்லை. இடது கால் தரையில் நிற்கப் பயப்படுகிறது, பட்டதும் எடுத்துக்கொள்கிறது, சுடுமண்ணில் நடக்கிறவன் மாதிரி, அதனால் வலது கால் அதிக நேரம் நிற்க வேண்டியதாகிறது, அதுதானே நொண்டல், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இடதை நிற்க வைக்க வேண்டும், அதுதான் சிகிச்சை. இங்கே வந்த மூன்று மாதமாக நிற்கவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு காலைநேரம் ஏதோ யோசனையில் நடந்துகொண்டிருந்தபோது வலது காலையும் கொஞ்சம் பயப்பட வைத்தார். அவ்வளவுதான். அதையும் பட்டதும் எடுத்து, நடுவே ஒரு சின்னத் தயக்கம் வைத்து, இடது எவ்வளவு குறையோ அவ்வளவு குறை அதற்கும். பாட்டு மொத்தமாகத் திறந்துகொண்டு கொட்டியது. பெனிட்டா கை தட்டினாள், மீரான் குலவை போட்டார், செண்பகவல்லி அன்றைக்குக் கேசரி கிண்டினாள், ஏன் இப்படிச் செய்தோம் என்று யோசிக்கவே நேரம் கிடைக்கவில்லை. யோசித்தால் தெரிகிறது, அது அவருடைய தொழில். பேனலில் மூன்று லைனுக்கு மூன்று முள், சிவப்பு மஞ்சள் நீலம், மூன்றும் ஒரே உயரத்தில் நின்றால் நிம்மதி, ஒன்றில் லோடு குறைந்தால் மற்றதிலும் இறக்கி நேர் பண்ணு, உயரம் எவ்வளவு என்பது அப்புறம். இருபத்திரண்டு வருஷமாக மூன்று முள்ளை நேர்படுத்தினவனுக்கு இரண்டு காலை நேர்படுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா. நல்ல காலைத் தட்டி உட்கார வைத்துவிட்டார். "ரெண்டு நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி, சூப்பர்" என்றாள் பெனிட்டா.

இன்னும் நாலு நிமிஷம். நாலு நிமிஷம் என்பது ஒன்றுமில்லை. அன்றைக்குக் கிடந்தது நாற்பது நிமிஷம். அதை நினைக்காதே. விடியற்காலை ஐந்தரை, லேசான தூற்றல், கடைசி ரீடிங் எடுக்க யார்டுக்குள் போனார், டிரான்ஸ்பார்மரைச் சுற்றிலும் ஜல்லி பரப்பியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நடப்பார் அதில், எந்த இடத்தில் எந்தக் கல் பேசும் என்று தெரியும், அந்தக் கல் அன்றைக்கு வேறு என்னமோ பேசியது, கால் தனியாக ஒரு பக்கம் போனது, அவர் தனியாக ஒரு பக்கம் போனார், முழங்காலுக்குள்ளே நனைந்த கயிறு அறுந்தது போல ஒரு சத்தம், அதைக் காதால் கேட்கவில்லை, உள்ளேயிருந்து கேட்டார். போன் உள்ளே மேஜையில் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை பெரிசாக, எழுந்திருக்க முடியவில்லை, அதுதான். தலைக்கு மேலே ரீங்காரம் ஒரு மாற்றமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, அதே ஐந்து கட்டை, இவர் கிடந்ததும் ஒன்றுதான் நின்றதும் ஒன்றுதான். காக்கை கத்தியது. அப்போதுதான் முதல்தடவையாக அது தன்னோடு பேசவில்லை, என்றைக்கும் பேசினதில்லை என்று, வேண்டாம், அப்படியில்லை, அது என்ன செய்யும் பாவம், இரும்பும் எண்ணெயும். காலை ஷிப்டுக்காரர் வந்து தூக்கினார். அதிலிருந்து இடது கால் எதையும் நம்புவதில்லை. மொசைக்கைக்கூட. செண்பகவல்லி விரித்துவைக்கிற சாக்கைக்கூட. வைத்ததும் எடு, வைத்ததும் எடு, தரை எந்த நேரத்திலும் நழுவும், அந்தக் காலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதை எப்படித் திட்டுவது, அது பார்த்ததைச் சொல்கிறது. திங்கட்கிழமை அந்த ஜல்லியில் மணிக்கொரு தடவை நடக்க வேண்டும். இரண்டு காலும் தயங்கித் தயங்கி. சரி, தயங்கினால் என்ன, விழுந்தால் அல்லவா. விழுந்தால். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. ஆமாம், அப்படிச் செய்துவிடலாம், போன் பையில் இருந்தால் போதும், குழாய்கள் வந்துவிட்டன, திரும்பு.

திரும்பி வரும்போது வெயில் சதுரம் ஒன்றில் கால் பட்டது, இதமாக இருந்தது, உள்ளங்கால் வழியாகச் சூடு ஏறியது, ஒரு நிமிஷம் எல்லாமே நல்லபடியாக இருக்கிறது என்று தோன்றியது, பாட்டு இருக்கிறது, வெயில் இருக்கிறது, மீரானின் ஆடு கத்துகிறது, நாலாவது குழாய் சொட்டுகிறது. பாட்டு இருக்கிறது. பாட்டு. ஆனால் இது என்ன, இப்படி இழுக்கிறது. செஞ்சுருட்டி இப்படிப் போகிற ராகமா, அது துள்ளிக்கொண்டு போகிற பெண், தோளில் காவடி தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவன் மூச்சு அது, இதை யாரோ கையைக் கட்டி நடத்திக்கொண்டு போகிறார்கள். தன்னுடைய வேகத்துக்குத்தான் அது வருகிறது. ஒன்பது நாளாக முழுசாக வருகிறது என்ற சந்தோஷத்தில் எப்படி வருகிறது என்று கேட்காமல் விட்டுவிட்டோமே. அந்தப் பையன் வாசித்தபோது இந்த வேகத்திலா வாசித்திருப்பான், இருக்காது, அந்த இரண்டாவது வரியின் முடிவில் வயலின் ஒரு சறுக்குச் சறுக்குகிறது, இந்த வேகத்தில் அது வழுக்கி விழுந்தவன் சேற்றைத் துடைக்கிற மாதிரி இருக்கிறது, சரியான வேகத்தில் அது ஒரு கண்சிமிட்டல். அந்தச் சறுக்கலை ஒரு தடவை சரியாகக் கேட்க வேண்டும். ஒரு தடவை. இதோ வருகிறது, முதல் வரி முடிகிறது, மீண்டும் முதல் வரி, இரண்டாவது வரி, இன்னும் கொஞ்சம் முன்னால், கொஞ்சம், அவர் ஒன்றும் செய்யவில்லை, காதுதான் முன்னால் போனது, வலது கால் அதன் பின்னால் போய்விட்டது. போய்விட்டது. பயம் காட்டி உட்கார வைத்திருந்த நல்ல கால் எழுந்து தன் பாட்டுக்கு நீளமாக ஒரு அடி வைத்தது, இடது கால் பட்டதும் பின்வாங்கியது, மறுபடி வலது நீளமாக, வயலின் பட்டென்று நின்றது. "அண்ணாச்சி?" என்றாள் பெனிட்டா.

பழையபடி மாறிக்கொள்ளலாம். இரண்டே அடி, வலதை இறக்கினால் முடிந்தது, நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது, திரும்பும்போது தடுமாறினேன் என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை. நாற்காலி. ரீங்காரம். மிருதங்கமும் நின்றுவிட்டது. தம்புரா மட்டும் ஓடுகிறது, அதன்மேல் வெறும் காலடி, இடது, வலது, தொப்பு, தொப்ப்பு, இடது குட்டை, வலது நெட்டை, வாய்க்குள் என்னமோ சொல்லிக்கொண்டு வருகிறது, என்ன சொல்கிறது, தக தகிட. தக தகிட. அட. இடதுக்கு இரண்டு, வலதுக்கு மூன்று, கூட்டினால் ஐந்து, இது கண்ட நடை அல்லவா, புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் போட்டிருந்தது, ரேடியோவில் எப்போதாவது தனி ஆவர்த்தனத்தில் வரும், மேஜையில் தட்டித் தட்டிப் பார்த்து வராமல் விட்டுவிட்டார். வராததைக் கால் ஐந்து மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. தக தகிட, தக தகிட. அந்தப் பிள்ளையின் போனுக்கு நாலு ஒன்றுதான் தெரியும், ஐந்தைக் கேட்டதும் மிருதங்கக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது. நொண்டலே, நொண்டலே, உனக்கும் ஒரு பெயர் இருந்திருக்கிறதே. இரண்டு கோடிக்கு நடுவில் அவர் இதுவரை நடந்ததிலெல்லாம் வேகமாக நடந்துகொண்டிருந்தார், காற்று வேட்டியில் பட்டது, முழங்காலில் வலித்தது, சுத்தமான வலி, சொந்தமான வலி, திருட்டுத்தனம் இல்லாத வலி. "என்ன வே, தம்புராவோட நிறுத்திட்டீரு, பக்கவாத்தியத்துக்கெல்லாம் சம்பளம் குடுக்கலையா?" என்றார் மீரான். தக தகிட. குழாய்கள். திரும்பு. தக தகிட.

"டைம்" என்று பெனிட்டா பாட்டை நிறுத்தினாள். அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவள் அட்டையோடு பக்கத்தில் வந்தாள், முகத்தில் கவலை. "நாலு நிமிஷம் தேர் மாதிரி போச்சு, கடைசியில இப்படிக் கவுத்திட்டீங்களே அண்ணாச்சி. அசந்துட்டீங்களா? பரவால்ல, திங்கக்கிழமை போகணும்னு இருக்கீங்க, கடைசி ரெண்டு நிமிஷம் லேசா அசதின்னு எழுதி, நடை சீர்னே போட்டுருதேன். டாக்டர் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்." நல்ல பிள்ளை. இப்படி நல்ல பிள்ளையாக இருந்து தொலைக்கிறாளே. பேனா அட்டையைத் தொடப்போனது. ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். எவ்வளவோ தடவை சும்மா நின்றிருக்கிறார் வாழ்க்கையில், சும்மா நிற்பதற்கென்றே ஒரு உத்தியோகம் பார்த்தவர். "அசதி இல்ல தாயி" என்றார். "பின்ன?" "கடைசி ரெண்டு நிமிஷந்தான் என் கால். முன்னால நாலு நிமிஷம் ஏமாத்து. ஒம்பது நாளாவே ஏமாத்து." அவள் புரியாமல் பார்த்தாள். அவர் நடந்து காட்டினார், பாட்டு இல்லாமல், வலதைத் தயங்க வைத்து, இடதோடு ஜோடி சேர்த்து, நாலு அடி. அவள் முதல் தடவையாகக் காலைப் பார்த்தாள். கழுத்து சிவந்துவிட்டது. "பாட்டக் கேட்டுக்கிட்டு நானும் கால பாக்காம விட்டுட்டேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல். மீரான்தான் கப்பியை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "யா அல்லா, ஒரு நொண்டிக்கு இன்னொரு நொண்டியச் சம்மந்தம் பேசி முடிச்சிருக்கீரே வே! பையன் பொண்ணு பொருத்தம் பிரமாதம்." அவளும் சிரித்துவிட்டாள், உடனே கோபமாக முகத்தை வைத்துக்கொண்டாள். "இந்தக் காலோட ஜல்லியில போயி நடந்திருப்பீங்க. விழுந்தா ரெண்டு முட்டியும் போயிருக்கும். இன்னும் ஒரு மாசம். குறைக்க மாட்டேன்."

ஒரு மாசம். அப்படியென்றால் நாற்காலி போயிற்று. யார் உட்காருவார்களோ, உட்காரட்டும், ரீங்காரம் அவர்களுக்கும் ஐந்து கட்டைக்கு மயிரிழை மேலேதான் கேட்கும், கேட்கத் தெரிந்தால். புகார் போன். எங்க தெருவுல கரண்ட் இல்ல. வந்திரும் அம்மா, ஆள் போயிருக்கு. சொல்லிப் பார்த்தார் மனசுக்குள், அவ்வளவு மோசமாக இல்லை, ராத்திரியில் வீட்டில் இருக்கலாம், செண்பகவல்லி ராத்திரியில் குறட்டை விடுவாளா மாட்டாளா என்பதே தெரியாது அவருக்கு, எந்தக் கட்டையோ. நெஞ்சில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது, சாயங்காலம் ஆனால் இன்னும் காலியாகும், அது அப்போது. "எழுதிக்கோ தாயி" என்றார். நடை சீர் இல்லை, இன்னும் ஒரு மாசம் என்று அவள் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். "திங்கக்கிழமை வழக்கம்போல ஏழரைக்கு வந்திருங்க." "அது வாரேன். இப்ப அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடு." "டெஸ்ட் முடிஞ்சிட்டுது அண்ணாச்சி." "டெஸ்டுக்கு இல்ல. ரெண்டாவது வரி முடியுத இடத்துல உன் தம்பி ஒண்ணு வாசிச்சிருக்கான், அதச் சரியான வேகத்துல கேக்கணும்." "அது எங்கிட்ட இல்ல, நீங்க போனாத்தான் வரும்" என்றாள், சொல்லிக்கொண்டே போனைத் தட்டினாள், இந்தத் தடவை அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வலதை வைத்தார், நீளமாக. இடதை வைத்தார், அது பட்டதும் எடுக்கப் பார்த்தது, இருடா என்றார், வாய்விட்டே சொன்னார், இரு, மொசைக்தான், நழுவாது, நழுவினால் விழுவோம், மீரான் இருக்கிறார், இந்தப் பிள்ளை இருக்கிறது, தூக்கிவிடுவார்கள், இரு, உடம்பு முழுவதையும் அதன்மேல் ஏற்றினார், முட்டி நடுங்கியது, நின்றது. வலது. இடது, இரு. வலது. மிருதங்கம் வந்துவிட்டது, நல்ல வேகத்தில், வயலின் தாவி ஏறிக்கொண்டது, முதல் வரி, மீண்டும் முதல் வரி, மீரான் உரக்க எண்ணிக்கொண்டிருந்தார், அஞ்சு, ஆறு, ஏழு வே, ஏழு, எட்டாவது அடியில் இடது பயந்துகொண்டது, இரண்டாவது வரி தொடங்குகிற இடத்தில் வயலின் போய்விட்டது. இன்னும் ஒரு வரி வேண்டும் அந்தச் சறுக்கலுக்கு. அவர் நின்று, இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கி, ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பப் போனார்.